ஏழாவது கேள்வி

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை,
இடையில் மூச்சு வாங்கிக்கொள்கிறது.
அப்படி ஒரு மூச்சில்
மீன்கடையைப் பக்கத்துக் கடையின் பொறுப்பில் விட்டு
பதினெட்டு மாத எலிசெயோவைத் தூக்கிக்கொண்டு
சுகாதார நிலையத்துக்கு வந்தாள் யாஸ்னா.

எடை சரி. உயரம் சரி. தலைச் சுற்றளவு சரி.
பிறகு ஒரு தாள். கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.

ஏழாவது:
எதையாவது உங்களுக்குக் காட்ட
விரல் நீட்டுகிறானா?
வேண்டும் என்று கேட்க அல்ல,
அதோ பார் என்று சொல்ல மட்டும்.

நான் எழுதும் மொழியில்
அ, இ, உ மூன்றுக்கும்
சுட்டு என்று பெயர்.
அவன், இவள், அது, இங்கே எல்லாம்
அந்த விரல்நுனிகளில் முளைத்தவை.
யாஸ்னாவுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.
அவளுக்குத் தெரிந்தது:
கடைக்குப் பின்னால் ஆற்றுச்சுவரில்
கடற்சிங்கங்கள் ஏறிக் கத்துகின்றன,
சந்தைக்கு வரும் பிள்ளைகளெல்லாம்
கூவிக்கொண்டே கை நீட்டுகின்றன,
இவன் தராசுத் தட்டின் ஆட்டத்தையே
பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆம் என்று குறியிட்டாள்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

பக்கத்துக் கடை ஓர்லாந்தோ சொல்லியிருந்தான்:
ஆண்பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்.
என் தம்பி நாலு வயதுவரை வாயே திறக்கவில்லை,
இப்போது சங்கக் கூட்டத்தில்
மைக்கைப் பிடுங்கத்தான் ஆள் வேண்டும்.
எர்வினுக்கு சால்மன் பண்ணையில்
பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு.
போனில் கேட்டான்:
நடக்கிறான் இல்லையா? சாப்பிடுகிறான் இல்லையா?

பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டாள்.
மழைக்கு மூச்சு திரும்பியது.
எலிசெயோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்
குடையின் பொத்தான்மேல் வைத்தான்,
ஒரு கரண்டியை எடுத்து வைப்பதுபோல.
முகத்தைப் பார்க்கவில்லை.
குடை விரிந்தது.
சிரித்தான், குடையிடம்.

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை.

செவிலி மிர்த்தா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு பதிலைத் திருத்த வேண்டும், என்றாள் யாஸ்னா.
மிர்த்தா ஏன் என்று கேட்கவில்லை.
சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டாள்.
அந்த ஆம்மேல் ஒரு கோடு கிழிக்க
ஒரு மீனைச் செதிலெடுக்கும் நேரம் ஆயிற்று.

மருத்துவரைப் பார்க்கப் பதினோரு மாதம் என்றது பட்டியல்.
மிர்த்தா போனில் யாரையோ திட்டினாள்.
பெயர் வைக்கிறவர்கள் மெதுவாக வரட்டும்,
வியாழக்கிழமை ரயென் வருவாள், என்றாள்.

ரயென் பொம்மை எதுவும் கொண்டுவரவில்லை.
ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு
தரையில் படுத்தாள், அவன் கண் மட்டத்துக்கு.
அவன் சிப்பிகளை வரிசை வைத்தான்.
அவள் அடுத்த சிப்பியை நீட்டினாள்.
வாங்கவில்லை.
நீட்டினாள்.
நாற்பது நிமிடம்.
கடை மூடிக் கிடந்த நேரத்தின் காசை
யாஸ்னா மனதுக்குள் எண்ணினாள்.
கடைசியில் வாங்கினான்,
விரல் படாமல், சிப்பியை மட்டும்.

பேச வைப்பீர்களா?
தெரியாது, என்றாள் ரயென்.
இவனை வேறொருவனாக்க நான் வரவில்லை.
இவன் வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.
போய் உட்காருங்கள்.
பிறகு என்று வைக்காதீர்கள்.

சிப்பி. தராசு. குடை.
குளிர்காலம் முழுக்க அதுதான்.
வீட்டில் இருக்கும் பதினாலு நாளும்
தரையில் கிடக்கப் பழகினான் எர்வின், முதுகுவலியோடு.
ஒரு சொல் வந்தது,
மறுவாரம் காணாமல் போயிற்று.
யாஸ்னா கழிவறையில் அழுதாள்,
தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

செப்டம்பரில் ஒரு காலை
கிழட்டுக் கடற்சிங்கம் ஒன்று
ஆற்றுச்சுவரே அதிரத் தும்மியது.
எலிசெயோ அதைப் பார்த்தான்.
திரும்பி அவளைப் பார்த்தான்.
மறுபடி அதை.

விரல் நீளவில்லை. கைகள் சட்டைப்பைக்குள்.

ஒரு கிலோ கேட்டவர் காசோடு நின்றுகொண்டிருக்க,
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
ஆம், என்றாள் யாஸ்னா.
நானும் பார்த்தேன்.